மூன்று போர்கள், ஒரு கடன் கணக்கு: ரோமும் கார்த்தேஜும்

கி.மு. 191இல் கார்த்தேஜ் நகரத்தின் தூதர்கள் ரோமுக்குப் போனார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் தோற்ற போருக்குத் தண்டமாக, ஆண்டுக்கு 200 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளி வீதம் 50 ஆண்டுகள் கட்ட வேண்டும் என்று அவர்கள் மேல் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதைக் குறைக்கச் சொல்லி அவர்கள் வரவில்லை. மிச்சமிருக்கும் ஏறத்தாழ 40 ஆண்டுத் தவணையையும் இப்போதே மொத்தமாகக் கட்டிவிடுகிறோம் என்றார்கள். ரோமின் மூத்தோர் அவையான செனட் மறுத்துவிட்டது. தவணை நாளுக்கு முன் ஒரு காசும் வாங்க மாட்டோம் என்பதுதான் பதில்.

வர வேண்டிய பணம் வாசலில் வந்து நிற்கும்போது யாராவது வேண்டாம் என்பார்களா? அந்தப் பணம் வெறும் பணமாக இருந்தால் சொல்ல மாட்டார்கள். ரோமுக்கு அது மூக்கணாங்கயிறு. கடன் தீர்ந்துவிட்டால் கயிறும் அறுந்துவிடும்.

இந்த இரண்டு நகரங்களும் மோதிக்கொண்ட பியூனிக் போர்கள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆல்ப்ஸ் மலையும் யானைகளும் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலும்தான். அதில் தவறில்லை, அந்தக் கதை அவ்வளவு பெரியது. ஆனால் போர்க்களத்தை மட்டும் பார்த்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது: ஒரே இரண்டு நகரங்கள் ஏன் மூன்று முறை மோதிக்கொண்டன? கி.மு. 264 முதல் 241 வரை ஒரு போர், 218 முதல் 201 வரை இன்னொன்று, 149 முதல் 146 வரை கடைசிப் போர். விடை இடைப்பட்ட அமைதிக் காலத்தில், எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தங்களில் இருக்கிறது என்பது என் துணிபு. ஒவ்வொரு போரையும் முடித்துவைத்த ஒப்பந்தமே அடுத்த போருக்கு வழி திறந்தது.

இன்றைய துனிசியாவின் தலைநகரான துனிஸை ஒட்டிய கடற்கரையில் இருந்தது கார்த்தேஜ். இன்றைய லெபனானில் உள்ள டயர் நகரத்திலிருந்து வந்த ஃபீனீசிய வணிகர்கள் கி.மு. 814இல் நிறுவியது என்பது மரபு. அவர்கள் மொழியில் 'கர்த் ஹதாஷ்ட்', அதாவது புதூர். ஃபீனீசியரை ரோமானியர் தங்கள் லத்தீன் மொழியில் அழைத்த பெயரிலிருந்தே 'பியூனிக்' வந்தது. போருக்குப் பெயர் வைத்ததுகூட வென்ற பக்கம்தான் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு ஊர்களும் பரம்பரைப் பகையாளிகள் அல்ல. கி.மு. 509இலேயே இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டதாக கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். ரோமில் செப்பேட்டில் பாதுகாக்கப்பட்டிருந்த அந்த வாசகம், தன் காலத்து அறிஞர்களுக்கே புரியாத அளவு பழைய லத்தீனில் இருந்தது என்றும் சொல்கிறார். எந்தத் துறைமுகத்தில் யார் வியாபாரம் செய்யலாம், எந்த முனையைத் தாண்டி யார் கப்பல் போகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். பிறகு கிரேக்க மன்னன் பிர்ரஸ் இத்தாலிக்குள் படையோடு வந்தபோது, கி.மு. 279 வாக்கில், இருவரும் அவனுக்கு எதிராகக் கைகோத்தார்கள். முதல் போர் வெடித்தது அதற்குப் பதினைந்தே ஆண்டுகள் கழித்து.

ஒரு வேறுபாட்டை முதலிலேயே புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ரோம் தான் வென்ற இத்தாலிய ஊர்களிடம் வரி கேட்கவில்லை, ஆள் கேட்டது. ஒவ்வொரு கூட்டாளி ஊரும் போர்க் காலத்தில் இத்தனை வீரர்களை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கார்த்தேஜ் தன் கீழிருந்த லிபிய மக்களிடம் தானியமும் வரியும் வாங்கியது. வணிகத்திலும் பணம் கொழித்தது. அந்தப் பணத்தில் ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி), வடமேற்கு இத்தாலியின் லிகுரியா, பலேரிக் தீவுகள், கிரேக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ கூலிப்படையை அமர்த்தியது. லிபியர்களும் அண்டை நாடான நுமிடியாவின் குதிரைவீரர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். ஆகவே ரோம் தோற்றால் ஆள் குறையும், அடுத்த ஆண்டு வேறு ஆள் வரும். கார்த்தேஜ் தோற்றால் பணம் குறையும், பணம் குறைந்தால் படையே இருக்காது. ரோமுக்கும் அதன் கூட்டாளிகளுக்குமாகக் கி.மு. 225இல் ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் ஏறத்தாழ 7,70,000 பேர் இருந்ததாக பாலிபியஸ் கணக்குத் தருகிறார். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சிசிலியில் தொடங்கியது

முதல் போருக்கான காரணம் அற்பமானது. சிசிலியின் வடகிழக்கு முனையில் உள்ள மெசானா நகரத்தை மாமெர்டின்கள் என்ற முன்னாள் கூலிப்படையினர் பிடித்து, ஆண்களைக் கொன்று, ஊரைத் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள். சிராக்கூஸ் மன்னன் ஹியரோ அவர்களை நெருக்கியபோது, அவர்களில் ஒரு பிரிவு கார்த்தேஜிடம் உதவி கேட்டது, இன்னொரு பிரிவு ரோமிடம். ரோமின் செனட்டுக்குக் கூச்சம். ஏனென்றால் நீரிணைக்கு இத்தாலிப் பக்கம் ரேகியம் ஊரில் இதே அக்கிரமத்தைச் செய்த தன் சொந்தக் காவல்படையினரைச் சில ஆண்டுகளுக்கு முன்தான் ரோம் தலை வெட்டித் தண்டித்திருந்தது. கடைசியில் விஷயம் மக்கள் மன்றத்துக்குப் போனது. கொள்ளைப் பொருள் நிறையக் கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டது. மக்கள் சரி என்றார்கள். அந்தச் 'சரி'க்கு விலை 23 ஆண்டுகள்.

கடற்படையே இல்லாத ரோம் கடலில் வென்றது இந்தப் போரின் வியப்பு. கரையில் சிக்கிய ஒரு கார்த்தேஜ் கப்பலை மாதிரியாக வைத்து 100 பெரிய போர்க்கலங்களையும் 20 மூவடுக்குக் கலங்களையும் கட்டினார்கள் என்கிறார் பாலிபியஸ். 60 நாளில் கட்டியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். கப்பல் தயாராகும்வரை தரையில் பலகை போட்டு உட்கார வைத்துத் துடுப்புப் போடப் பழக்கினார்களாம். வெறும் பெருமைப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் 1970களின் தொடக்கத்தில் சிசிலியின் மார்சாலா அருகே கடலடியில் எடுக்கப்பட்ட ஒரு பியூனிக் கப்பலின் மரப்பலகைகளில், எந்தத் துண்டு எங்கே சேர வேண்டும் என்று எழுத்துகள் குறிக்கப்பட்டிருந்தன. துண்டு துண்டாகச் செய்து பிறகு கோக்கும் முறை அது. இப்படிக் கட்டிய கப்பல் ஒன்று கையில் கிடைத்தால் பார்த்துச் செய்வது அவ்வளவு கடினமில்லை.

வெற்றியைவிட இழப்புதான் பெரிது. கி.மு. 255இல் சிசிலியின் தென்கரையில் ஒரே புயலில் 364 கப்பல்களில் 80 மட்டுமே தப்பின. ரோமானியக் குடிமக்கள் கணக்கெடுப்பு போருக்கு முன் ஏறத்தாழ 2,92,000 என்று இருந்தது, கி.மு. 247 வாக்கில் 2,41,000க்கு இறங்கியது. கருவூலம் காலி. அப்போது ரோமில் ஒன்று நடந்தது. வசதி படைத்த குடிமக்கள் தனியாகவும் இருவர் மூவராகச் சேர்ந்தும் ஆளுக்கொரு கப்பலைக் கட்டித் தந்தார்கள். ஜெயித்தால் திருப்பிக் கொடுங்கள் என்பது பேச்சு. இப்படி வந்த 200 கப்பல்களோடு கி.மு. 241 மார்ச்சில் சிசிலிக்கு மேற்கே எகாடித் தீவுகளுக்கு அருகே கடைசி மோதல் நடந்தது. கார்த்தேஜ் தோற்றது. அந்த இடத்தின் கடலடியிலிருந்து கடந்த இருபது ஆண்டுகளில் எதிரிக் கப்பலை இடிக்கும் வெண்கலக் கப்பல்முட்டிகள் 20க்கும் மேற்பட்டவற்றை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். பலவற்றில் ரோமானிய அதிகாரிகளின் பெயர்கள். ஒன்றில் பியூனிக் மொழியில் பாஆல் தெய்வத்துக்கு ஒரு வேண்டுதல். அந்த வேண்டுதல் வரியோடு கப்பல் மூழ்கிப் போயிருக்கிறது. இந்தப் போர்களைப் பற்றி நான் படித்ததில் மனத்தைவிட்டுப் போகாத செய்தி இது.

ஒப்பந்தத்துக்கு வருவோம். களத்திலிருந்த ரோமானியத் தளபதி கேட்டுவைத்தது 20 ஆண்டுகளில் 2,200 தாலந்து. ரோமின் மக்கள் மன்றம் அதை ஏற்கவில்லை. 1,000 தாலந்து கூட்டி, உடனே கட்டச் சொல்லி, மீதியை 10 ஆண்டுகளில் முடிக்கச் சொன்னது. மொத்தம் 3,200 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 26 கிலோ என்று வைத்தால் 80 டன்னுக்கு மேல் வெள்ளி. சிசிலியும் கைவிட்டுப் போனது.

சார்டீனியா

அந்த 1,000 தாலந்தை உடனே எடுத்து வைத்ததும் கார்த்தேஜிடம் கூலிப்படைக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சிசிலியிலிருந்து திரும்பிய சுமார் 20,000 வீரர்களிடம் பாக்கிக் கூலியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பேரம் பேசினார்கள். அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். போர்க் காலத்தில் விளைச்சலில் பாதியைப் பறிகொடுத்திருந்த லிபிய உழவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கலகத்துக்காகப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்தச் சண்டையின் கொடூரத்தைப் பற்றி பாலிபியஸ் எழுதியிருப்பதைப் படித்தால் தூக்கம் வராது. கடைசியில் ஹமில்கார் பார்கா என்ற தளபதி அதை அடக்கினார்.

இந்தக் காலத்தில் ரோம் முதலில் கண்ணியமாகவே நடந்துகொண்டது. கைதிகளை விடுவித்தது, கலகக்காரர்களோடு வணிகம் செய்யக் கூடாதென்று தன் வணிகர்களைத் தடுத்தது. ஆனால் கி.மு. 238-237இல், சார்டீனியாவில் கலகம் செய்த கூலிப்படையினர் அழைத்தபோது அந்தத் தீவை எடுத்துக்கொள்ளக் கிளம்பியது. தீவை மீட்க கார்த்தேஜ் கப்பல்களைத் தயார் செய்ததும், இது எங்களுக்கு எதிரான ஏற்பாடு என்று சொல்லிப் போர் அறிவித்தது. கார்த்தேஜால் நிற்கக்கூட முடியாத நேரம். சார்டீனியாவையும் கொடுத்து, மேலும் 1,200 தாலந்தும் கொடுத்துச் சமாதானம் வாங்கியது.

ரோமானியப் பிரபுக்களின் நண்பரான பாலிபியஸ்கூட இதற்கு எந்த நியாயமும் இல்லை என்று வெளிப்படையாக எழுதுகிறார். இரண்டாம் போருக்கு இதுவே மிகப் பெரிய காரணம் என்பதும் அவர் கணிப்புதான். நானும் அப்படியே நினைக்கிறேன். தோற்றவன் தோல்வியை விழுங்கிக்கொள்வான். ஒப்பந்தம் போட்ட மூன்று நான்கு ஆண்டுகளில், வீடு பற்றி எரியும் நேரத்தில் வந்து இன்னொரு துண்டை வெட்டிக்கொண்டு போனால், அதை விழுங்க மாட்டான்.

இழந்ததை எங்கிருந்து ஈட்டுவது? ஹமில்கார் ஸ்பெயினுக்குப் போனார், அங்கே வெள்ளி இருந்தது. அவர் அங்கே என்ன செய்கிறார் என்று பார்க்க ரோம் தூதர்களை அனுப்பியபோது, உங்களுக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்காகத்தான் இங்கே சண்டை போட்டுப் பணம் சேர்க்கிறேன் என்று அவர் சொன்னதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ பதிந்திருக்கிறார். அதற்கு மேல் தூதர்களால் என்ன கேட்க முடியும்! கி.மு. 237இல் புறப்படும்போது ஒன்பது வயது மகன் ஹன்னிபாலை பலிபீடத்தின் முன் நிறுத்தி, ரோமுக்கு ஒருபோதும் நண்பனாக இருக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். ஹன்னிபால் தன் முதுமையில் சிரியா மன்னன் ஆண்டியோக்கஸிடம் தானே சொன்ன கதை இது. ஹமில்காரின் மருமகன் ஹஸ்த்ருபால் ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில் இன்றைய கார்த்தஜீனாவைக் கட்டினார். பின்னாளில் ஹன்னிபாலுக்கு ஒரு சுரங்கம் மட்டும் நாளொன்றுக்கு 300 பவுண்டு வெள்ளி தந்தது என்கிறார் பிளினி. ரோம் வாங்கிய தண்டம் கார்த்தேஜை ஸ்பெயினுக்குத் தள்ளியது. அந்த வெள்ளியில்தான் அடுத்த படை உருவானது.

ஹன்னிபால் விரும்பிய முடிவு

கி.மு. 219இல் ஸ்பெயினில் ரோமின் நட்பு நகரமான சகுந்தத்தை ஹன்னிபால் எட்டு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார். அடுத்த ஆண்டு போர். ஸ்பெயினிலிருந்து 90,000 காலாட்களோடும் 12,000 குதிரைகளோடும் 37 யானைகளோடும் கிளம்பியவர், ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலியில் இறங்கியபோது கையில் இருந்தது 20,000 காலாட்களும் 6,000 குதிரைகளும். இந்தக் கடைசிக் கணக்கை ஹன்னிபாலே தென் இத்தாலியில் ஒரு கோவிலில் வெண்கலப் பட்டயத்தில் பொறித்து வைத்திருந்தார், பாலிபியஸ் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். யானைகளில் பெரும்பாலானவை முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போயின. கதைகளில் அவற்றுக்குக் கிடைத்த இடம் போரில் அவற்றுக்கு இல்லை. ஒரு சிறு செய்தி மட்டும்: இவை பெரும்பாலும் வட ஆப்பிரிக்க யானைகள், ஆனால் பாகர்களை பாலிபியஸ் 'இந்தியர்' என்றே குறிப்பிடுகிறார். யானை ஓட்டும் தொழிலுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது போலும்.

கி.மு. 216 ஆகஸ்ட் 2 அன்று தென்கிழக்கு இத்தாலியின் கன்னே சமவெளியில் நடந்ததை ராணுவப் பள்ளிகளில் இன்றும் பாடமாக வைக்கிறார்கள். ரோமின் பக்கம் ஏறத்தாழ 86,000 பேர், ஹன்னிபால் பக்கம் சுமார் 50,000. நடு வரிசையில் கால், ஸ்பெயின் வீரர்களை வெளியே வளைந்தாற்போல் நிறுத்தினார். ரோமானியர் முட்டித் தள்ளத் தள்ள அந்த வளைவு மெல்ல உள்வாங்கியது. உள்ளே புகுந்தவர்களின் இரு விலாவிலும் லிபியக் காலாட்கள் திரும்பி மூடினார்கள். எதிர்க் குதிரைப்படையை விரட்டிவிட்டு வந்த கார்த்தேஜ் குதிரைகள் முதுகுப் பக்கத்தை அடைத்தன. அதன் பிறகு அது சண்டை அல்ல. அந்த ஒரே நாளில் இறந்த ரோமானியர் ஏறத்தாழ 48,000 என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, 70,000 என்கிறார் பாலிபியஸ். செனட்டர்களும் செனட்டராகும் தகுதி பெற்றவர்களுமாக 80 பேர் செத்தார்கள்.

அன்றே ரோமை நோக்கிப் போயிருக்கலாமே என்பது இரண்டாயிரம் ஆண்டுக் கேள்வி. வெல்லத் தெரிகிறது, வெற்றியைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று குதிரைப்படைத் தலைவன் மஹர்பால் ஹன்னிபாலிடமே சொன்னதாக லிவி எழுதுகிறார். ஆனால் ஹன்னிபாலின் நோக்கமே வேறு என்பதற்கு ஓர் எழுத்துச் சான்று இருக்கிறது. கி.மு. 215இல் மாசிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப்புடன் அவர் செய்த உடன்படிக்கையின் வாசகம் பாலிபியஸ் நூலில் தப்பிப் பிழைத்துள்ளது. ரோம் தோற்றுச் சமாதானம் கேட்டால் என்னென்ன நிபந்தனை போடுவோம் என்று அதில் பேசிக்கொள்கிறார்கள். அதாவது போருக்குப் பிறகும் ரோம் இருக்கும் என்பதே அவர்கள் கணக்கு. கூட்டாளிகளைப் பிரித்து, இறக்கையை நறுக்கி, ஓர் ஒப்பந்தத்தில் உட்கார வைப்பதுதான் அவர் விரும்பிய முடிவு. கன்னேக்குப் பிறகு கைதிகளை மீட்க விலை பேசத் தூதரை அனுப்பியதும் அதனால்தான். அந்தக் காலத்து மத்தியதரைக் கடல் உலகில் இவ்வளவு பெரிய தோல்வி கண்டவர்கள் பேச்சுவார்த்தைக்கு வருவது வழக்கம்.

ரோம் வரவில்லை. தூதரை இருட்டுவதற்குள் எல்லையை விட்டுப் போகச் சொன்னது. சொந்தக் கைதிகளுக்குப் பணம் கொடுக்க மறுத்தது. 8,000 அடிமைகளை அரசுப் பணத்தில் வாங்கி ஆயுதம் கொடுத்தது. துக்கம் காக்கும் நாட்களை முப்பதாகக் குறைத்தது. கப்புவா போன்ற தெற்கத்திய ஊர்கள் ஹன்னிபால் பக்கம் சாய்ந்தன என்றாலும் நடு இத்தாலியின் லத்தீன் ஊர்கள் அசையவில்லை. அவர்களுக்கும் இடுப்பு ஒடிந்தது உண்மை. கி.மு. 209இல் 30 லத்தீன் குடியேற்றங்களில் 12, இனி ஆளும் இல்லை பணமும் இல்லை என்று கையை விரித்துவிட்டன. மீதி 18 ஊர்கள் கேட்டதைக் கொடுத்தன.

பணத்துக்கு ரோம் என்ன செய்தது என்பதைப் பாருங்கள். கி.மு. 215இல் ஸ்பெயினில் இருந்த படைக்கு அனுப்ப எதுவும் இல்லாதபோது, ஒப்பந்தக்காரர்கள் கடனுக்குச் சரக்கு அனுப்பினார்கள். 210இல் செனட்டர்கள் வீட்டிலிருந்த தங்கத்தையும் வெள்ளியையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அது கடனாகவே கருதப்பட்டு பின்னர் மூன்று தவணையில் திரும்பக் கொடுக்கவும் தீர்மானிக்கப்பட்டது. ரோமும் கடனில்தான் போரிட்டது. ஆனால் அந்தக் கடன் தன் சொந்தக் குடிமக்களிடம் பட்ட கடன். வென்றால்தான் பணம் திரும்பும் என்பதால் கடன் கொடுத்தவனும் சேர்ந்தே போராடினான்.

கி.மு. 209இல் இளம் தளபதி சிப்பியோ கார்த்தஜீனாவைத் திடீர்த் தாக்குதலில் பிடித்தார். என் பார்வையில் போர் திரும்பியது இந்த இடத்தில்தான். வெள்ளி கை மாறியது. அந்தக் காலத்து ரோமானியக் காசுகளின் உலோகத்தைச் சோதித்தவர்களும் இதற்குப் பிந்தைய காசுகளில் ஸ்பெயின் வெள்ளியின் அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள். அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 207இல் ஹன்னிபாலுக்கு உதவ வந்த அவர் தம்பி, இன்னொரு ஹஸ்த்ருபால், இத்தாலியின் மெட்டாரஸ் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டு, அவர் தலை ஹன்னிபாலின் முகாமுக்குள் வீசப்பட்டது. 204இல் சிப்பியோ ஆப்பிரிக்காவில் இறங்கினார். நுமிடிய இளவரசன் மசினிசா தன் குதிரைப்படையோடு ரோம் பக்கம் நின்றான். ஹன்னிபால் ஊருக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, 202இல் ஆப்பிரிக்காவின் ஜாமாவில் தோற்றார்.

ஐம்பது ஆண்டுத் தவணை

கி.மு. 201 ஒப்பந்தம்: 10,000 தாலந்து, 50 ஆண்டுகளில். யானைகள் கூடாது. பத்துப் போர்க்கப்பல்கள் தவிர மற்றதெல்லாம் ஒப்படைக்க வேண்டும். 500 கப்பல்கள் நகரத்தார் கண் முன்னே எரிக்கப்பட்டன என்று சிலர் எழுதியதாக லிவி சொல்கிறார். ஆப்பிரிக்காவுக்கு வெளியே போர் கூடாது, உள்ளேயும் ரோமின் அனுமதி இல்லாமல் கூடாது. மசினிசாவுக்கும் அவன் முன்னோர்களுக்கும் சொந்தமாக இருந்த நிலங்களைத் திருப்பித் தர வேண்டும்.

பணத்தைத் திரட்டப் போனபோது கார்த்தேஜ் சபையில் பெரியவர்கள் அழுதார்களாம், ஹன்னிபால் சிரித்தாராம். ஏன் சிரிக்கிறாய் என்று அதட்டியதற்கு, ஆயுதத்தைப் பறித்தபோதும் கப்பலைக் கொளுத்தியபோதும் அழுதிருக்க வேண்டும், அவரவர் பையிலிருந்து பணம் எடுக்கச் சொன்னதும்தானே அழுகிறீர்கள் என்றாராம். லிவி சொல்லும் இந்தக் காட்சி அப்படியே நடந்ததோ இல்லையோ, ஆளின் குணத்துக்குப் பொருந்துகிறது. முதல் தவணையாக ரோமுக்குப் போன வெள்ளியை உருக்கிப் பார்த்தபோது கால்பங்கு கலப்படம். குறைந்ததை ரோமிலேயே கடன் வாங்கிக் கட்ட வேண்டியதாயிற்று.

கி.மு. 196இல் ஹன்னிபால் கார்த்தேஜின் 'சுஃபெட்' ஆனார். ஆண்டுக்கு இருவர் தேர்ந்தெடுக்கப்படும் உயர்ந்த ஆட்சிப் பதவி அது. அரசு வருவாய்க் கணக்கைத் திறந்து பார்த்தார். பெரிய மனிதர்கள் தின்றதை நிறுத்தினாலே புதிய வரி போடாமல் ரோமுக்குக் கட்டிவிடலாம் என்று காட்டினார். தின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆண்டியோக்கஸுடன் சேர்ந்து சதி செய்கிறார் என்று ரோமுக்குக் கோள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர் ஊரை விட்டு ஓடினார். சில ஆண்டுகளில் நகரம் மீதித் தவணை முழுவதையும் ஒரே மூச்சில் கட்ட முன்வந்தது. அவர் போட்ட கணக்கு சரிதான் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? ஹன்னிபால் கடைசியில் இன்றைய துருக்கியில் உள்ள பிதினியாவில், ரோமானியரிடம் பிடிபடாமல் இருக்க விஷம் குடித்து இறந்தார்.

ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு விதிகளை மசினிசா நன்றாகப் படித்து வைத்திருந்தான். முன்னோர் நிலம் எது என்பதற்கு எல்லையே கிடையாது. கார்த்தேஜ் திருப்பி அடிக்கவும் முடியாது. ஆண்டுக்காண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தைக் கடித்தான். கார்த்தேஜ் ரோமிடம் முறையிடும். விசாரிக்க வரும் ரோமானியக் குழு பெரும்பாலும் மசினிசா பக்கமே தீர்ப்புச் சொல்லும், அல்லது ஒன்றும் சொல்லாமல் போகும். இப்படி ஒரு தூதுக்குழுவில் வந்த முதியவர் கேட்டோ, செழித்துக் கிடந்த வயல்களையும் தோட்டங்களையும் பார்த்து அதிர்ந்துபோனார். திரும்பியதும் செனட்டில் அத்திப்பழங்களைக் காட்டி, இது விளையும் நாடு இங்கிருந்து மூன்று நாள் கடல் பயணம்தான் என்றார். எதைப் பற்றிப் பேசினாலும் கார்த்தேஜ் அழிக்கப்பட வேண்டும் என்று முடித்தார். வேண்டாம், பக்கத்தில் ஒரு பயம் இருந்தால்தான் ரோமும் ஒழுங்காக இருக்கும் என்று இன்னொரு செனட்டரான சிப்பியோ நாசிகா ஒவ்வொரு முறையும் எதிர்த்தார்.

கி.மு. 151இல் கடைசித் தவணை கட்டியாயிற்று. கயிறு அறுந்தது. கடன் தீர்ந்துவிட்டதென்று துணிந்த கார்த்தேஜ் ரோமைக் கேட்காமலே மசினிசாவின் மேல் படையெடுத்துத் தோற்றது. ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்பதற்கு ரோமுக்கு அது போதும். 149இல் போர் அறிவித்தது.

அந்த ஆண்டில் நடந்த பேச்சுவார்த்தையைப் போல் நெஞ்சை அறுப்பது இந்த வரலாற்றில் வேறில்லை. கார்த்தேஜ் சண்டையே போடாமல் சரணடைந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் 300 பேரைப் பணயமாக அனுப்பச் சொன்னார்கள், அனுப்பியது. ஆயுதங்களைக் கொடு என்றார்கள். 2,00,000 பேருக்கான கவசமும் படைக்கலமும், 2,000 கல்லெறி பொறிகளும் வண்டி வண்டியாகப் போய்ச் சேர்ந்தன. எல்லாம் வாங்கிவைத்த பிறகு ரோமின் தலைமை ஆட்சியாளர்களில் ஒருவரான கன்சல் சென்சோரினஸ் கடைசி நிபந்தனையைச் சொன்னார்: நகரத்தை விட்டு எல்லாரும் வெளியேற வேண்டும், கடலிலிருந்து 80 ஸ்டேடியா, சுமார் 15 கிலோமீட்டர், உள்ளே தள்ளி எங்கு வேண்டுமானாலும் ஊர் கட்டிக்கொள்ளலாம். கடலை நம்பியே ஏழு நூற்றாண்டு வாழ்ந்தவர்களிடம் இதைச் சொல்வதும் சாகச் சொல்வதும் ஒன்று.

வெறுங்கையாக நின்ற நகரம் மறுத்தது. கோவில்களும் பொதுவெளிகளும் பட்டறைகளாயின. ஆணும் பெண்ணும் இரவு பகல் முறை வைத்து, நாளொன்றுக்கு 100 கேடயங்கள், 300 வாள்கள், பொறிகளில் எறிய 1,000 எறிபடைகள், 500 ஈட்டிகள் செய்ததாகப் பிற்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். பொறிகளுக்குக் கயிறு திரிக்கப் பெண்கள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் ரோமால் உள்ளே நுழைய முடியவில்லை. 147இல் வந்த சிப்பியோ எமிலியானஸ், பழைய சிப்பியோவின் வளர்ப்புப் பேரன், துறைமுக வாயில் குறுக்கே கல்லணை போட்டு அடைத்தார். உள்ளே இருந்தவர்கள் சத்தமில்லாமல் வேறு பக்கம் வாய்க்கால் வெட்டி, 50 கப்பல்களைக் கட்டி வெளியே வந்தார்கள்.

146 வசந்தத்தில் மதில் உடைந்தது. துறைமுகத்திலிருந்து பிர்சா குன்று வரை மூன்று தெருக்கள், ஆறு மாடி வீடுகள். வீடு வீடாக, கூரை கூரையாக ஆறு நாள் கொன்றார்கள். ஏழாம் நாள் 50,000 பேர் சரணடைந்து அடிமைகளாக விற்கப்பட்டார்கள். கார்த்தேஜ் படைத் தலைவர் ஹஸ்த்ருபால் (அதே பெயரில் வேறொருவர்) சிப்பியோவின் காலில் விழுந்தார். எரியும் கோவிலின் மேலிருந்து அவர் மனைவி அவரைச் சபித்து, பிள்ளைகளோடு நெருப்பில் குதித்தாள். நகரம் எரிவதைப் பார்த்து சிப்பியோ கண்ணீர் விட்டு, ட்ராய்க்கும் ஒரு நாள் அழிவு வரும் என்ற ஹோமரின் அடிகளைச் சொன்னார் என்கிறார்கள். பக்கத்தில் நின்றவர் பாலிபியஸ். நிலத்தில் உப்பு விதைத்தார்கள் என்று பலரும் சொல்வதுண்டு, ஆனால் பழைய நூல் எதிலும் அது இல்லை, மிகப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

கார்த்தேஜின் நூலகங்களை நுமிடிய அரசர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாகோ என்பவர் எழுதிய 28 பகுதி வேளாண்மை நூலை மட்டும் லத்தீனில் பெயர்க்கச் செனட் உத்தரவிட்டது. கேட்டோ அஞ்சிய அத்தித் தோட்டங்களை வளர்த்த அறிவு அதில்தான் இருந்தது. அதன் சில மேற்கோள்கள் தவிர அந்த நூல்கள் எதுவும் நம் கைக்கு வரவில்லை. இதனால்தான் இந்தக் கட்டுரையில் சாட்சி சொன்ன எல்லாருமே ரோமானியராகவோ ரோமின் நண்பர்களாகவோ இருக்கிறார்கள்.

முதல் இரண்டு போர்களும் ஒப்பந்தத்தில் முடிந்தன. மூன்றாவதற்கு ஒப்பந்தமே எழுதப்படவில்லை, கையெழுத்துப் போட எதிர்த்தரப்பில் ஆள் இல்லை. 1985 பிப்ரவரியில் ரோம் நகரத்தின் மேயரும் இன்றைய கார்த்தேஜின் மேயரும் துனிசியாவில் சந்தித்து, அந்தப் போர் முடிந்தது என்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதில் யாரும் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை.